ஏகமனதாக என்று எழுதியவள்

நீள நோட்டு அது. கோடு போட்டது, மேலே பழுப்புத் தாள் அட்டை. அட்டை நடுவில் ஒட்டிய லேபிளில் 'பத்தாம் வகுப்பு ஆ பிரிவு, வகுப்புக் கூட்டத் தீர்மானங்கள், 1991' என்று இருக்கும். எழுதியது நான். உள்ளே இருப்பதும் முழுக்க என் கையெழுத்துதான். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, வந்திருந்தவர்கள் எண்ணிக்கை, பேசிய விஷயம், எடுத்த முடிவு. கடைசி வரியில் தவறாமல், 'மேற்கண்ட தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.' அந்த நோட்டைக் கரையான் தின்றதோ, பழைய பேப்பர்காரர் எடைக்கு எடுத்துப்போனாரோ தெரியாது. ஆனால் அதில் ஒரு பக்கம் மட்டும் எனக்கு இன்னும் அப்படியே கண்ணில் நிற்கிறது. மற்ற பக்கங்கள் எல்லாம் நீல மை. அந்தப் பக்கத்தில் கடைசி இரண்டு வரி மட்டும் சிவப்பு.

'ஏகமனதாக' என்ற வார்த்தையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் கணக்கு சார். "எல்லாருக்கும் ஒரே மனசுன்னு அர்த்தம்மா" என்றார். நாற்பத்து மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் எல்லோருக்கும் எப்படி ஒரே மனசு இருக்கும் என்று நான் கேட்கவில்லை. நான் எதையுமே கேட்கிற ஆள் இல்லை. கையெழுத்து அழகாக இருக்கும், வாய் திறக்க மாட்டேன். இந்த இரண்டு தகுதியையும் பார்த்துத்தான் அவர் என்னை எழுத உட்கார வைத்தார் என்று நினைக்கிறேன்.

அவர்தான் எங்கள் வகுப்பாசிரியரும். செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து ரயிலில் சிங்கப்பெருமாள் கோவில் வந்து இறங்கி, ஸ்டேஷன் அருகில் ஒரு கடையில் போட்டுவைத்திருக்கும் சைக்கிளை எடுத்துக்கொண்டு, பத்து கிலோமீட்டருக்கு மேல் மிதித்து எங்கள் பள்ளிக்கு வருவார். வரும்போது சட்டையின் முதுகு முழுக்க நனைந்திருக்கும். லீவு போட மாட்டார். பிரம்பைத் தொட மாட்டார். பையன்களை 'வாங்க, போங்க' என்றே சில சமயம் கூப்பிடுவார். இவ்வளவு நல்ல மனிதர்மேல் இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு எரிச்சல் வருகிறது என்றால் படிக்கிறவர்கள் என்னைத்தான் ஒரு மாதிரி நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். கெட்டவர் மேல் கோபம் வந்தால் திட்டித் தீர்த்துவிடலாம். நல்லவர் மேல் வருகிற எரிச்சலை எங்கே கொண்டுபோய் இறக்குவது?

அவருக்குக் கூட்டம் என்றால் அவ்வளவு பிரியம். ஏதோ சங்கத்தில் பொறுப்பில் இருந்தவர் என்று சொல்வார்கள். "இது என் வகுப்பு இல்ல, நம்ம வகுப்பு. எந்த முடிவும் நாம எல்லாரும் சேந்துதான் எடுக்கணும்" என்பார். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் வகுப்புக் கூட்டம். அவர் மேசையைத் தள்ளி ஓரமாகப் போட்டுக்கொண்டு உட்காருவார். பக்கத்தில் ஒரு ஸ்டூலில் நான், மடியில் நோட்டு. விஷயத்தைச் சொல்வார். "உங்க அபிப்பிராயம் என்ன? தைரியமா சொல்லுங்க" என்பார். உடனே முதல் பெஞ்சிலிருந்து லீடர் எழுந்துவிடுவான். ரைஸ்மில்காரர் மகன், நல்ல உயரம், குரல் பள்ளிக்கூட வாசல் வரை கேட்கும். அவன் சொல்லி முடிப்பதற்குள் அவனுக்குப் பின்னால் இருக்கிற நாலு பேர் "ஆமா சார், ஆமா சார்" என்பார்கள். சார் முகம் மலர்ந்துவிடும். "அப்ப இதை ஏத்துக்கிறவங்க கை தட்டலாம்" என்பார்.

இதுதான் அவர் வழக்கம். கை தூக்கி எண்ணுவது கிடையாது. அது பிரிவினை உண்டாக்கும் என்பார். கை தட்டல்தான். தட்டல் சத்தம் பலமாக வந்தால் தீர்மானம் நிறைவேறிவிட்டது. பெண்கள் பக்கம் பதின்மூன்று பேர். ஆரம்பத்தில் நாங்கள் தட்டாமல்தான் இருந்தோம். சார் எங்கள் பக்கம் திரும்பி, "இந்தப் பக்கம் சத்தமே காணோமே?" என்பார். உடனே முப்பது பையன்களும் எங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த வயதில் அதைவிடப் பெரிய தண்டனை ஏதாவது உண்டா? அதனால் அடுத்த வாரத்திலிருந்து முதல் ஆளாகத் தட்ட ஆரம்பித்தோம். முடிவு பிடித்துத் தட்டவில்லை. எங்களை யாரும் பார்க்காமல் இருந்தால் போதும் என்று தட்டினோம். சார் அதைக் கேட்டுப் பூரித்துப்போய், "பாத்தீங்களா, பொம்பளைப் பிள்ளைங்கதான் இப்ப ரொம்ப ஆர்வமா இருக்காங்க" என்றார்.

தண்ணீர்ப் பானை எங்கே வைப்பது என்று ஒரு தீர்மானம். லீடர் பெஞ்சுக்குப் பக்கத்து ஜன்னலோரம் வைக்கலாம் என்று முடிவானது, ஏகமனதாக. பையன்கள் காலைத் தாண்டிக்கொண்டு போய்த் தண்ணீர் குடிக்க எங்களில் ஒருத்திக்கும் தைரியம் இல்லை. அந்த வருஷம் முழுக்கப் பதின்மூன்று பேரும் பள்ளிக்கூடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. அதையும் நான்தான் எழுதினேன், 'அனைவரும் பயன்பெறும் வகையில்' என்று சேர்த்து.

வேடந்தாங்கல் போன கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். சுற்றுலாவுக்கு வேடந்தாங்கல் என்று லீடர் சொன்னான், தட்டல் முடிந்தது. ஆகஸ்ட் மாதம். மதுராந்தகம் பக்கம் மாமா வீடு இருக்கிற ஒரு பையன், திக்குவாய், மூன்றாவது பெஞ்சில் எழுந்து, "சா... சார், இ... இப்ப..." என்று ஆரம்பித்தான். "இப்பவே போலாங்கிறாரு சார்!" என்று லீடர் முடித்துவைத்தான். வகுப்பே சிரித்துத் தட்டியது. போனோம். ஏரியில் தண்ணீர் இல்லை, மரத்தில் ஒரு காக்கைதான் இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் சார், "இப்ப சீசன் இல்லன்னு யாராவது ஒருத்தர் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று வருத்தப்பட்டார். பின்சீட்டிலிருந்து அந்தப் பையன், "சொ... சொன்னேன் சார்" என்றான். பஸ் இரைச்சலில் அதுவும் அவர் காதில் விழவில்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். என் சிநேகிதி விஷயம் அப்படியில்லை.

அவள் ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர். அங்கிருந்து எங்கள் வகுப்புக்கு மூன்று பெண்கள் வந்தார்கள். நாலே கால் மணிக்குப் பள்ளி விட்டதும் நாலே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். அதை விட்டால் அடுத்த பஸ் எட்டு மணிக்கு மேல்தான், அதுவும் வந்தால் உண்டு. அதனால் மூன்று பேருக்கும் சேர்த்துப் பையன்கள் வைத்த பெயர் 'நாலே முக்கால்'. "ஏய் நாலே முக்கா, உன் வண்டி பஞ்சராம்!" என்று கத்துவார்கள். மற்ற இருவரும் அழுகிற மாதிரி ஆகிவிடுவார்கள். இவள் மட்டும் காதில் வாங்காத மாதிரி நடப்பாள். கொஞ்ச தூரம் போனதும் என்னிடம், "பஞ்சர் ஒட்டத் தெரிஞ்சவன் ஒருத்தனும் அதுல இல்லடி" என்பாள். என்னிடம் மட்டும்தான். வகுப்பில் அவள் குரல் வருகைப் பதிவுக்குத் தவிர வேறு எதற்கும் வராது.

கணக்கில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. லீடர் எல்லாம் பக்கத்திலேயே வர முடியாது. மதிய இடைவேளையில் வேப்பமரத்தடியில் குச்சியால் மண்ணில் போட்டுக்காட்டி எனக்கு வடிவியல் சொல்லிக்கொடுப்பாள். சார் பாடம் நடத்தி ஏறாதது, அவள் மண்ணில் கிழித்ததும் ஏறிவிடும். நான் பத்தாவது கணக்கில் தேறியதே அந்த மண்ணால்தான். அவளுக்கு டீச்சர் ட்ரெயினிங் படிக்க வேண்டும் என்று ஆசை. அவள் அப்பா செங்கல் சூளையில் மேஸ்திரி. படிக்க விட்டதே பெரிய விஷயம். ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். அதை அவள் அவர் குரலிலேயே சொல்லிக்காட்டுவாள்: "பொழுது சாயறதுக்குள்ள வூட்ல இருக்கிறதா இருந்தா படி. இல்லாங்காட்டி வாணாம்."

காலாண்டுத் தேர்வில் கணக்கில் பாதி வகுப்புக்கு மேல் ஃபெயில். சார் மனசு உடைந்துபோனார். ஒரு பைசா வாங்காமல், தினமும் ஒன்றரை மணி நேரம் ஸ்பெஷல் கிளாஸ் எடுப்பதாகச் சொன்னார். அந்த ஸ்பெஷல் கிளாஸுக்கு வராதவர்களின் பெயரைப் பொதுத்தேர்வுக்கு அனுப்பும் முன் ஹெட்மாஸ்டர் யோசிப்பார் என்றும் சொன்னார். காலையில் வைப்பதா சாயந்திரம் வைப்பதா என்பதை வெள்ளிக்கிழமை கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்வோம் என்றார்.

வியாழக்கிழமை மதியம் அவள் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டே சொன்னாள். "காலைல வெச்சா ஏழரை பஸ்ஸுல வந்துடுவேன்டி. சாயந்திரம் வெச்சா ஆறரைக்குத்தான் வுடுவாங்க. ஏரிக்கரை மேல நடந்து போய்ச் சேர ஏழரை ஆவும். எங்கப்பா அன்னியோட நிறுத்திடுவாரு."

"கூட்டத்துல சொல்லேன்" என்றேன்.

"நானா? அந்தப் பசங்க 'நாலே முக்கா பேசுது'ம்பாங்க. நீ சொல்லு. நீதான் சார் பக்கத்துலயே குந்திகினு எழுதுற. எழுந்துக்கக்கூட வாணாம், காதுல சொன்னாப் போதும்."

நான் தலையை ஆட்டினேன். சொல்கிறேன் என்று ஒத்துக்கொண்டேன். இதை நான் மறைக்கவில்லை.

மறுநாள் கூட்டம். சார் விஷயத்தைச் சொன்னார். லீடர் எழுந்தான். "சாயந்திரம் வெச்சுக்கலாம் சார். காலைல தூக்கம் வரும், மண்டைல ஏறாது." அவன் காலையில் வாலிபால் ஆடுவது ஊருக்கே தெரியும். பின்னால் நாலு பேர், "ஆமா சார், ஆமா சார்." நான் சாரைப் பார்த்தேன். ஒரு முழம் தூரத்தில் இருக்கிறார். தலை எண்ணெயும் சாக்பீஸ் தூளும் கலந்த அவர் வாசனைகூட வருகிறது. வாயைத் திறந்து, "சார்" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவர் திரும்பி, என் கையில் இருந்த பேனாவைப் பார்த்தார். "என்னம்மா, மை தீந்துபோச்சா?" என்று கேட்டு, தன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். விடைத்தாள் திருத்துகிற சிவப்பு மைப் பேனா. "இதுல எழுது, பரவாயில்லை" என்றார்.

என் பேனாவில் மை இருந்தது. ஆனாலும் அவர் நீட்டியதை நான் வாங்கிக்கொண்டேன். ஏன் வாங்கினாய் என்று என்னையே எத்தனை தடவை கேட்டிருப்பேன்! 'மை இருக்குது சார், விஷயம் வேற' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அதற்குள் அவர் அந்தப் பக்கம் திரும்பி, "அப்ப சாயந்திரம், ஐந்திலிருந்து ஆறரை. ஏத்துக்கிறவங்க கை தட்டலாம்" என்றார். பையன்கள் தட்டினார்கள். பெண்கள் தட்டினார்கள். நான் நிமிர்ந்து இரண்டாவது பெஞ்ச் ஓரத்தைப் பார்த்தேன். அவளும் தட்டிக்கொண்டிருந்தாள்.

சிவப்பு மையில் எழுதினேன். மாலை 5.00 முதல் 6.30 வரை. மேற்கண்ட தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

வெளியே வந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டேன். என் மேல் வரவேண்டிய கோபம் எல்லாம் அவள் மேல் போனது. "நீ இன்னாத்துக்குடி தட்டுன?"

"எல்லாரும் தட்டுனாங்க" என்றாள். பிறகு, "நீ சொல்லவே இல்லியே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் எங்கே தப்பு வந்தது என்று பார்க்கிற மாதிரி சொன்னாள். பஸ் ஹாரன் கேட்டது. ஓடும்போது திரும்பி, "பரவால்லடி, நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

என்ன பார்த்துக்கொண்டாள்? முதல் வாரம் நாலே முக்கால் பஸ்ஸில் போய்விட்டாள். சார் அடுத்த திங்கட்கிழமை எழுப்பிக் கேட்டார். இவள் தலையைக் குனிந்து நின்றாள். சார் திட்டவில்லை. என்னிடமிருந்து நோட்டை வாங்கி, பக்கத்தைப் புரட்டி அவளிடம் காட்டினார். "பாரும்மா, நான் தனியா எடுத்த முடிவா இது? நீயும் சேர்ந்து எடுத்ததுதானே? ஏகமனதாகன்னு போட்டிருக்கா இல்லையா?" அவள் என் கையெழுத்தைப் பார்த்தாள். "போட்டிருக்குது சார்" என்றாள். அன்றிலிருந்து ஸ்பெஷல் கிளாஸுக்கு உட்கார்ந்தாள். நான்கு நாட்கள். மற்ற இரண்டு பெண்களும் சேர்ந்து மூவருமாக ஏரிக்கரை மேல் நடந்து போனார்கள். தூறல் வேறு. வீட்டில் பஸ் வரவில்லை, பஸ் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் சாயந்திரம் அவள் அப்பா சைக்கிளில் வந்துவிட்டார். உடம்பெல்லாம் செம்மண், தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு வகுப்பு வாசலில் நின்றார். சண்டை போட வந்தவர் இல்லை. சார் வெளியே போனார். நாங்கள் ஜன்னல் வழியாகக் கேட்டோம்.

"பொண்ணுங்க சார். ஏரிக்கரை மேல வருதுங்க. காலைல வெச்சுக்கினா தேவலாம். கொஞ்சம் பாருங்க சார்" என்றார். இவ்வளவுதான் கேட்டார். அதாவது, எங்களில் ஒருத்தரும் கூட்டத்தில் சொல்லாததை, எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

அப்போதாவது சார் சரி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவருக்கு அவருடைய கூட்டத்தின் மேல் அவ்வளவு மரியாதை. உள்ளே வந்து நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் விரித்துக் காட்டினார். "நீங்க தப்பா நினைக்கக் கூடாதுங்க. நான் திணிச்சது கிடையாது. உங்க பொண்ணும் சேர்ந்து எடுத்த முடிவுதான் இது. கை தட்டி ஏத்துக்கிட்டிருக்கு" என்றார், பெருமையாக.

அந்த மனிதருக்கு அந்தப் பக்கத்தில் சிவப்பாக ஏதோ இருக்கிறது என்பது மட்டும்தான் தெரிந்திருக்கும். "எம் பொண்ணு முடிவெடுத்துச்சா?" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார். "இன்னாமே, நீ கை தட்னியா?"

அவள் எழுந்து நின்றாள். "ம்" என்றாள்.

"பஸ்ஸு வர்லன்னு வூட்ல அழுதியே, அது இன்னா? இங்க கை தட்டிக்கினு, அங்க எங்கிட்ட பொய்யா?"

அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. முழுப் பதிலும் என்னிடம்தான் இருந்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள். சைக்கிள் கேரியரில் ஒரு பக்கமாக உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு போனதுதான் பள்ளிக்கூடத்தில் நாங்கள் அவளைக் கடைசியாகப் பார்த்தது.

அவள் அப்பாவின் கோபம் ஏரிக்கரையைப் பற்றியதாக இருந்திருந்தால் சரிசெய்திருக்கலாம். மகள் வீட்டுக்குத் தெரியாமல் முடிவெடுத்தாள், மறைத்தாள் என்றாகிவிட்டது. அந்த நோட்டு இல்லாமல் இருந்திருந்தால் அவள் படித்திருப்பாள் என்றே நான் இன்றும் நம்புகிறேன்.

ஒரு வாரமாகியும் அவள் வரவில்லை என்றதும் சாருக்கு எல்லாம் புரிந்தது. வகுப்பில் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார். "வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா காலையிலேயே வெச்சிருப்பேனே. எனக்கென்ன, ஒரு ரயில் முன்னாடி பிடிக்கணும், அவ்வளவுதானே? நான் கேட்டேனா இல்லையா? தைரியமா சொல்லுங்கன்னு சொன்னேனா இல்லையா?" என்றார். கண் கலங்கியிருந்தது. உண்மையாகத்தான் சொன்னார். சொல்லியிருந்தால் செய்திருப்பார். அதுதான் தாங்க முடியவில்லை. "இப்ப காலைக்கு மாத்திக்கலாமா?" என்று கேட்டார். "மாத்திக்கலாம் சார்!" என்று லீடர் எழுந்தான். அவனுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. கை தட்டல். இரண்டு நிமிடம் ஆகவில்லை. நானும் எழுதினேன், நீல மையில், ஏகமனதாக.

சார் அவள் ஊருக்குச் சொல்லி அனுப்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே சைக்கிளில் அந்த ஊர் வரை போய்வந்தார் என்றும் கேள்விப்பட்டேன். அவளைக் குன்றத்தூரில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டதாக மற்ற இரண்டு பெண்களும் வந்து சொன்னார்கள். அவர்கள் இருவரும் ஏழரை பஸ்ஸில் வந்து காலை வகுப்பில் படித்துத் தேறினார்கள். லீடரும் தேறினான். நானும் தேறினேன், அதோடு என் படிப்பு முடிந்தது. கணக்கில் எங்கள் எல்லோரையும் விடக் கெட்டிக்காரியின் பெயர் தேர்வுப் பட்டியலிலேயே இல்லை.

அதற்குப் பிறகு அவளை ஒரே ஒரு தடவை பார்த்தேன். எங்கள் பக்கம் கம்பெனிகள் வந்த பிறகு, சிங்கப்பெருமாள் கோவிலில் ஷேர் ஆட்டோவில். ஏதோ கம்பெனியில் துப்புரவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஏழு பேரை இடித்துக்கொண்டு உட்கார்ந்த இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னும் அதே மாதிரி அழகா எழுதுறியா?" என்று கேட்டாள். பிறகு, "கணக்கு சார் ரொம்ப நல்லவரு இல்ல?" என்றாள். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். ஆட்டோக்காரர், "இறங்கறவங்க இறங்குமா, பின்னாடி வண்டி நிக்குது" என்றார். அவள் இறங்கிப் போனாள்.

நான் காருக்கு ஒயர் கட்டுகிற ஒரு கம்பெனியில் லைனில் நிற்கிறேன். பதினாறு வருஷம் ஆகிறது. இங்கேயும் கூட்டம் உண்டு. ஷிஃப்ட் தொடங்கும் முன் பத்து நிமிடம் எல்லோரும் வட்டமாக நிற்க வேண்டும். சூப்பர்வைசர் ஏதாவது சொல்வார், "எல்லாருக்கும் ஓகேவா?" என்பார், முடிவில் மூன்று முறை ஒன்றாகக் கை தட்டிவிட்டு லைனுக்குப் போவோம். முதல் நாள் அந்தத் தட்டலைக் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு பழகிவிட்டது. ரிஜிஸ்டர் எழுதுவது யார் என்று சொல்லத் தேவையில்லை. "அக்கா, உங்க கையெழுத்துதான் பிரிண்ட் போட்ட மாதிரி கீது" என்று வந்த முதல் வாரத்திலேயே என் தலையில் கட்டிவிட்டார்கள்.

போன மாதம் சூப்பர்வைசர் வந்து, கம்பெனி பஸ் இனிமேல் வடக்குப்பட்டு ஊருக்குள் போய்வராது, எல்லோரும் மெயின் ரோட்டுக்கு வந்து ஏறிக்கொள்ளலாம், இருபது நிமிடம் மிச்சம் என்றார். என் மகன் வயதுப் பிள்ளை, தங்கமான குணம். "எல்லாருக்கும் ஓகேதானே?" என்றார். வாய் பெரிசான நாலு பேர், "சூப்பர் சார், இன்னும் கொஞ்சம் தூங்கலாம்" என்றார்கள். அவர்கள் வீடு மெயின் ரோட்டிலேயே இருக்கிறது. ஊருக்குள்ளிருந்து வருகிற ஒரே ஒரு பெண் என் பக்கத்தில் நின்றாள். சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. பஸ் ஊருக்குள் வராது என்ற பேச்சு முன்பே அடிபட்டிருந்தது. முந்தின நாள் டீ பிரேக்கில் அவள், தன் மாமியார் விடியறதுக்கு முன்னால் ரோட்டுக்கு நடந்துதான் வேலைக்குப் போக வேண்டும் என்றால் வேலையே வேண்டாம் என்று சொன்னதாக என்னிடம் அழுதிருந்தாள். இப்போது கை தட்டத் தயாராக இரண்டு உள்ளங்கையையும் விரித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. அவள் மேலா, அந்தச் சூப்பர்வைசர் மேலா, முப்பது வருஷத்துக்கு மேலாக உள்ளேயே உட்கார்ந்திருக்கிற அந்தச் சிவப்புப் பேனா மேலா, தெரியவில்லை.

"சார்" என்றேன். சத்தம் வரவில்லை. மறுபடி, "சார்" என்றேன்.

"இன்னாக்கா, பேனா எழுதலியா?" என்று தன் பேனாவை எடுத்தார்.

சத்தியமாகச் சொல்கிறேன், அதையேதான் செய்தார். "பேனால்லாம் எழுதுது சார்! இந்தப் பொண்ணுக்கு பஸ் இல்லைன்னா வேலை இல்ல. அதைக் கேளுங்க முதல்ல!" என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. மெஷின் சத்தம் இல்லாத நேரம். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

சூப்பர்வைசர் பதறிப்போனார். "இதை மொதல்லயே சொல்லக்கூடாதாக்கா? நான் கேட்டுக்கினுதானே இருக்கேன்?" என்று அந்தப் பெண்ணைப் பார்த்தார். "உனக்குக் கஷ்டமாம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள், சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். "பரவால்ல சார், நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

"நீ இன்னா பாத்துப்ப?" என்று கத்திவிட்டேன். "பஸ்ஸ நீ ஓட்டிக்கினு வருவியா? இன்னாடி பாத்துப்ப?"

நாலு பேர் சிரித்தார்கள். அவள் அழுதுவிட்டாள். அழுதுகொண்டே மாமியார் சொன்னதைத் திக்கித் திக்கிச் சொன்னாள். சூப்பர்வைசர் தலையைச் சொறிந்துகொண்டு, ட்ரான்ஸ்போர்ட்டில் பேசிவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்றார். சொல்வாரோ, மறப்பாரோ. அன்று யாரும் மூன்று முறை தட்டவில்லை. தட்ட மறந்து லைனுக்குப் போய்விட்டார்கள்.

ரிஜிஸ்டர் என் கையில் இருந்தது. 'அனைவரும் ஏற்றுக்கொண்டனர்' என்று அச்சடித்த வரிக்கு நேராக டிக் போட ஒரு கட்டம் இருக்கும். நான் அதில் டிக் போடவில்லை. அந்த நீள நோட்டில் எந்தப் பக்கத்திலும் எழுதாத ஒன்றை, அடியில் இருந்த இடத்தில், என் அழகான கையெழுத்தில், நீல மையில் எழுதினேன்: 'ஒருவருக்கு பஸ் இல்லை. முடிவு ஆகவில்லை.'